சுவரில்லாமல் நின்ற வாசக்கால்

என் பேச்சியக்காவுக்கு,

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் வீட்டு விலாசத்தையே போட்டுவிட்டேன். இப்போது அதற்குக் கதவு எண் வந்துவிட்டது, அக்கா. தகரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதி, வாசக்கால் நெற்றியில் ஆணி வைத்து அடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆணி இறங்கிய சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் கண்ணீரோடு ஆரம்பிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம்தான் முதலில் வருகிறது. "இவளுக்குப் பாலைக் குடுத்தேனா, மொளகாயைக் கரைச்சுக் குடுத்தேனான்னு தெரியலையே" என்று அம்மா என்னைக் காட்டி உன்னிடம் சொல்லிச் சிரிப்பாளே, அந்தக் காரம் இன்னும் இறங்கவில்லை. உன் நினைவு நாளில் உன் குணத்தைப் புகழ்ந்து எழுத நாலு பேர் இருக்கிறார்கள். உன்னைப் படுத்தியவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத என்னை விட்டால் யார்?

எனக்குப் பின்னால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் பருத்தி விதைக்கிற வீட்டில் பிறந்து, மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குப் போனவள் நீ. கல்யாணம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாய். ஊரில் அதற்கு ஆயிரம் காரணம் கண்டுபிடித்தார்கள். உன்னிடம் கேட்டால் மட்டும், "எனக்குப் பிடிக்கலைடி" என்பாய். ஆஸ்பத்திரியில் நீ பேச்சி சிஸ்டர். நான் ஊரில் வாக்கப்பட்டு, உரக்கடைக்காரர் பெண்டாட்டியாக உட்கார்ந்துவிட்டேன்.

மதுரையில் உனக்கு வேலை கிடைத்தது, மரியாதை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. "விடிஞ்சு வீட்டுக்கு வர்ற பொம்பளைக்கு எப்படிம்மா வீடு குடுக்குறது? நாலு பேரு என்ன நினைப்பாக?" என்று கேட்டு அனுப்பினார்கள். பெரிய மனசு பண்ணி ஓர் அறை கொடுத்த அம்மாவும் தெருக்கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவார். ராத்திரி டூட்டி முடித்து வந்து, வெள்ளை உடுப்போடு தெருப்படியில் உட்கார்ந்திருப்பாய். அந்த அம்மா பூசையை முடித்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து தாழைத் திறக்கும் வரை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நான் ஒரு தடவை உன்னைப் பார்க்க வந்தபோது அந்தப் படியிலேயே உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னாய். "பெரிய வீடு வேணாம்டி வனம். என் சாவி என் இடுப்புல இருக்கணும். எந்நேரம் வந்தாலும் நானே தொறக்கணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான் கேட்டாய். அதைக்கூடக் கொடுக்கவில்லையே பாவிகள்.

தல்லாகுளத்துக்கு வடக்கே, கண்மாய்க்கரை ஓரமாக மனை பிரித்து விற்றபோது நீ ஒரு மனை வாங்கினாய். பக்கத்து மனையில் ஏற்கெனவே ஒரு மாடி வீடு நின்றது. வேலுச்சாமி, கமிஷன் மண்டிக்காரர். அவர் வீட்டு மாடி ஜன்னல்கள் எல்லாம் உன் மனையைப் பார்த்துத்தான் திறந்தன. ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடு உன் இடத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. உன் மனை காலியாகக் கிடக்கும் வரைக்கும்தான் அவர் வீட்டுக்குக் காற்று.

முதல் நாள் எல்லைக்கல்லைப் பார்க்கப் போனபோது அவர் மாடியிலிருந்தே பேசினார். "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கும்மா வீடு? எனக்கே வித்துருங்க. நல்ல வெலை தாரேன்."

"ஒத்த ஆளுக்குத்தாண்ணே வீடு வேணும். கூட்டமா இருக்கவுக எங்கிட்டும் படுத்துக்கிடலாம்" என்றாய் நீ.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் வீடு கட்ட அனுமதி கேட்டு அந்த ஆபீஸுக்கு நடையாய் நடந்தாய். ஆபீஸ் பேரைச் சொல்லி அதற்குப் பெருமை தேட எனக்கு இஷ்டமில்லை. அங்கே பிளான் பார்க்கிற பிரிவில் சபாபதி என்று ஒரு கிளார்க். முதல் நாளே உன்னிடம் என்ன சொன்னார்? "வீட்டுல ஆம்பள யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர். இதெல்லாம் ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது." ராத்திரி முழுக்க ஆம்பளைகளின் புலம்பலைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து நிற்கிறவளிடம் இந்தப் பேச்சு.

நீ என் வீட்டுக்காரரை ஊரிலிருந்து வரவழைத்துக் கூட்டிப் போனாய். அவருக்கு யூரியாவைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மனைக்காரி நீ நின்றாய். மனுஷன் பாதியில் எழுந்து, "நீங்க உக்காருங்க அண்ணி" என்றாராம். நீ உட்காரவில்லையாம். "இங்க நான் நின்னதை ஒரு நாளைக்கு நான் நெனச்சுப் பாக்கணும்ல மாப்ள" என்றாயாம். வீட்டுக்கு வந்து அவர்தான் சொன்னார்.

சபாபதி காசு கேட்டிருந்தாலாவது கொடுத்துத் தொலைத்திருப்பாய். அவர் கேட்கவே இல்லை. அளவை அடியில் போட்டுப் போனாய், மீட்டரில் போடச் சொன்னார். மீட்டரில் போட்டுப் போனாய், மேலே இருக்கிறவருக்கு அடியில்தான் புரியும் என்றார். அடுப்படி ஜன்னல் சின்னது என்றார், பெரிதாக்கினால் சுவர் தாங்காது என்றார். ஒவ்வொரு தடவையும் நீ படம் வரைகிறவரிடம் போய், புதிதாக வரைந்து, நீல நகல் எடுத்துக்கொண்டு போனாய். டூட்டி முடிந்த கையோடு, தூங்காத கண்ணோடு.

அதற்குள் வைகாசி முடியப் போனது. "ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது. இப்ப வாசக்கால் நட்டாத்தான் உண்டு. விட்டா ஆவணிதான். ஆவணிக்கு நான் வேற எடத்துல ஒப்புக்கிட்டேன்" என்று கொத்தனார் நெருக்கினார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதானே? நல்ல நாளில் வாசக்காலை நட்டுவிட்டால் வீடு தொடங்கியதாகக் கணக்கு. மிச்ச வேலை பிறகு மெதுவாக நடக்கும். ஆனாலும் நீ சட்டத்துக்குப் பயந்தவள். சபாபதியிடமே போய்க் கேட்டாய். அவர் எப்போதும் இல்லாத சிரிப்போடு சொன்னார்: "நல்ல நேரத்தை விடாதீங்க சிஸ்டர். கையெழுத்து இன்னைக்கோ நாளைக்கோ ஆயிரும். பேப்பரு பின்னால வரும்."

நீ நம்பினாய். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, தலைவாசல் பக்கம் மட்டும் அடியிலிருந்து கட்டி எழுப்பி, வாசக்கால் நட நாள் குறித்தாய்.

அன்றைய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வேப்பமர வாசக்கால். சுமங்கலிகள் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினோம். உன் வீட்டு விசேஷத்தில் நீயே தள்ளி நின்றாய். வந்திருந்த சொந்தக்காரர்கள் கண்ணாலேயே உன்னைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு வேலுச்சாமி வந்தார், அக்கா. கூடவே ஒரு ஸ்டூடியோக்காரர், கழுத்தில் கேமராவோடு.

"வீட்டுக்காரவுக நீங்க தள்ளி நின்னா எப்படிம்மா? வாங்க, வாசக்காலைப் பிடிச்சு நில்லுங்க. நம்ம செலவுல ஒரு படம். பக்கத்து வீட்டுல நான் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்றார்.

உன்னை வீட்டுக்காரி என்று அன்றைக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நீ உருகிவிட்டாய். படம் என்றாலே முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்கிறவள், அன்றைக்கு அவர் "சிரிங்க சிஸ்டர்" என்றதும் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. படத்தைக் கழுவியதும் தருகிறேன் என்று சொல்லி, சர்க்கரைப் பொங்கலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை நீ அடுத்ததாகப் பார்த்தது ஆபீஸில். அனுமதி இல்லாமல் கட்டடம் தொடங்கியிருக்கிறாள் என்று வேலுச்சாமி மனுக் கொடுத்திருந்தார். சாட்சிக்கு அந்தப் படத்தைக் கூடவே குத்தி வைத்திருந்தார். வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நீ சிரிக்கிறாய். வேலையை நிறுத்தச் சொல்லி உனக்கு நோட்டீஸ். நீ சபாபதி முகத்தைப் பார்த்தாய்.

"நீங்கதானே சார் நடச் சொன்னீங்க?"

"நானா? எழுத்துல இருக்கா சிஸ்டர்?"

வேலுச்சாமியின் தங்கச்சி புருஷன்தான் அந்தச் சபாபதி என்பது வெளியே வந்த பிறகுதான் உனக்குத் தெரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

வேலை நின்றது. கொண்டுவந்து இறக்கிய செங்கல்லை ஒவ்வொன்றாக யாரோ எடுத்துப் போனார்கள். வாசக்கால் மட்டும் நின்றது. நட்டதைப் பிடுங்க எந்தக் கொத்தனாரும் கை வைக்கவில்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, கதவும் இல்லை. வெட்டவெளியில் ஒரு வாசல். அதன் நிழலில் ஆடு படுத்திருக்கும்.

ராத்திரி டூட்டி முடிந்ததும் நீ நேராக அங்கே போவாயாமே. இலையில் கட்டிய இட்டிலியைப் பிரித்து, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் அந்த வாடகை அறைக்குப் போவாயாம். மாடி ஜன்னலில் நின்று வேலுச்சாமி கேட்பாராம், "என்ன சிஸ்டர், வீட்டுல காத்து நல்லா வருதா?" இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் அக்கா சொல்லவில்லை? சொன்னால் இந்த மிளகாய் அன்றைக்கே கிளம்பி வந்து ஏதாவது செய்துவிடும் என்று பயந்தாயா?

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காமாலை. நீ வேலை பார்த்த வார்டிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். காமாலைதான் கொண்டுபோனது என்றார் டாக்டர். அவர் படித்தவர், அப்படித்தான் சொல்வார்.

உன்னை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. வாடகை வீட்டம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "இங்க வச்சா அடுத்து யாரும் குடி வர மாட்டாகம்மா. கோவிச்சுக்காதீக" என்றார். சாகும் வரைக்கும் தாழ், செத்த பிறகும் தாழ். ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்றார் பெரியப்பா.

"அவளுக்குத்தான் வீடு இருக்குல்ல. அங்க கொண்டு போங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வேன் டிரைவரிடம் வழி சொன்னார். உன் மனையில் கீற்றுப் பந்தல் போட்டு, அந்த வாசக்காலுக்கு உள்பக்கம் உன்னைக் கிடத்தினோம். மாடி ஜன்னல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஆனால் வேலுச்சாமியின் பெண்டாட்டி ருக்குமணியக்கா, கொல்லைப் பக்கமாக இறங்கி வந்தார். அழுதவர்களுக்கெல்லாம் ஒரு குண்டான் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை நான் மறக்கவில்லை. நல்லதையும் நான் மறக்கிறதில்லை.

எடுக்கும்போது எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நாலு பக்கமும் திறந்த வெளிதானே. உன்னை வாசக்கால் வழியாகத்தான் எடுத்தோம். தூக்கியவர்கள் குனிந்து, நிலை இடிக்காமல், பார்த்துப் பார்த்துக் கொண்டுபோனார்கள். உன் வீட்டு வாசலை நீ தாண்டியது அந்த ஒரு தடவைதான். அப்போது நான் மேலே பார்த்தேன். சாத்திய ஜன்னலின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "இருடா, வாரேன்" என்று அந்தக் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஒப்பாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

காரியம் முடிந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் நெகட்டிவை வைத்திருந்தார். எதற்காகப் படம் எடுக்கச் சொன்னார்கள் என்று தெரிந்து மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல காரியம்னு நெனச்சுல்ல வந்தேன்! எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா லென்ஸுல மண்ணைப் போட்டிருப்பேம்மா" என்று சொல்லி, பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். "எப்பவாச்சும் நான் ஒங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னா சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

மனை என் பேருக்கு வந்தது. நானும் வீடு கட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டேன். எல்லோரும் ஒரே புத்தி சொன்னார்கள்: அந்தப் பழைய மனுதான் குறுக்கே நிற்கிறது, வேலுச்சாமி காலில் விழுந்தாவது அதை வாபஸ் வாங்க வை. நான் நேர்மாறாகச் செய்தேன். அந்த மனு உண்மையா என்று, மனுக் கொடுத்தவரையும் வைத்துக்கொண்டு, நேரில் வந்து அளந்து பார்க்கச் சொல்லி எழுதினேன். தூங்குகிற மனுவை எழுப்பச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று அந்த ஆபீஸிலேயே சிரித்தார்களாம். சபாபதி அப்போது வேறு பிரிவுக்குப் போயிருந்தார். புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார்.

அவர் அளக்க வந்த நாள் மழை பெய்து விட்டிருந்தது. வேலுச்சாமி பட்டுக்கரை வேட்டியில் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். தான் கொடுத்த மனுவுக்கு இவ்வளவு மரியாதை என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அதிகாரிக்கு ஒரு நாற்காலி போட்டேன். அவர் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். மேலே சன்ஷேடிலிருந்து தண்ணீர் அவர் பிரித்த காகிதத்தில் சொட்டியது. துடைத்தார். மறுபடி சொட்டியது. அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு எடத்துல நீட்டிக்கிட்டு இருக்கு?"

நாற்காலியை அந்த இடத்தில் யார் பார்த்துப் பார்த்துப் போட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

எல்லைக்கல்லைத் தேடினார்கள். அது வேலுச்சாமி வீட்டுச் சாக்கடைக்குள் கிடந்தது. டேப்பை அங்கிருந்து பிடித்தார்கள். உன் வாசக்கால் விதிப்படி விட வேண்டிய இடத்தை விட்டு, ஒழுங்காக நின்றது. நீ சரியாகத்தான் நட்டிருக்கிறாய், அக்கா. வேலுச்சாமியின் சுவர்தான் எல்லையின் மேலேயே ஏறி நின்றது. மாடிக்கு அனுமதி எங்கே என்று அதிகாரி கேட்டார். அப்படி ஒன்று இருந்தால்தானே?

"சார், மனு குடுத்தது நானு" என்றார் வேலுச்சாமி.

"தெரியுதுங்க. அதனாலதான் வந்தோம்" என்றார் அதிகாரி.

கெடுவான் கேடு நினைப்பான் என்று அம்மா சும்மாவா சொன்னாள்?

எனக்கு அனுமதி வந்தது. அவருக்கு நோட்டீஸ் வந்தது. சன்ஷேடை வெட்ட வேண்டும். மாடியையே இடிக்க வேண்டும். இடிக்காமல் இருக்க ஒரே வழி, அபராதம் கட்டுவதோடு பக்கத்து மனைக்காரி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பக்கத்து மனைக்காரி யார்? நான்தானே!

நம் வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மணல் குவியலுக்குப் பக்கத்தில் நான் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "நடந்தது நடந்துபோச்சு தாயி. ஒரு கையெழுத்து" என்றார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, திருப்பிக் கொடுத்தேன்.

"வீட்டுல பொம்பள யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்கண்ணே. இதெல்லாம் ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது."

இதைச் சொல்லத்தான் நான் இத்தனை காலம் உயிரோடு இருந்தேன் என்று அப்போது தோன்றியது. சித்தாள் பெண்கள் எல்லாம் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என்ன ஏது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் புரிந்தது.

ருக்குமணியக்காவை அனுப்பினார். நான் எழுந்து, கட்டிலில் அவரை உட்கார வைத்தேன். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். "இந்தக் கையெழுத்தை ஒங்களுக்காகக் கேக்குறீகளா, அவருக்காகக் கேக்குறீகளாக்கா?" என்றேன்.

"எனக்குன்னு கேக்க அந்த வீட்டுல என்ன தாயி இருக்கு?" என்றார். குறை சொல்கிற மாதிரிகூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு வழி தெரிந்தது. "அந்த வீடு ஒங்க பேருக்கு வரட்டும். அன்னைக்கே நான் கையெழுத்துப் போடுறேன். அவரு பேர்ல இருக்குற வீட்டுக்குப் போடமாட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

வேலுச்சாமி குதித்தார். தெருவில் நின்று என்னை என்னவெல்லாமோ பேசினார். சபாபதியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். அங்கே அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை என்று கேள்விப்பட்டேன். கடைசியில் பத்திர ஆபீஸில் போய், பெண்டாட்டி பேருக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டு வந்தார். சொன்ன சொல் தவறாமல் நான் கையெழுத்துப் போட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு வீடு" என்று கேட்ட வாய் இப்போது பெண்டாட்டி வீட்டில் சோறு தின்கிறது.

சன்ஷேடை வெட்டிய அன்றைக்கு நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. தப்பா அக்கா? நீ இருந்தால், "போதும்டி வனம்" என்றிருப்பாய். நீ இல்லை. அதனால் போதும் என்று சொல்ல ஆளில்லை.

நம் வீடு முடிந்ததும் நாங்கள் ஊரை விட்டு இங்கேயே குடிவந்துவிட்டோம். நம் பக்கம் பார்த்த அவர்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னேன். ருக்குமணியக்கா மட்டும், "ஒண்ணை விட்டுரு தாயி. எனக்கும் பேச்சுக்கு ஆளு வேணும்" என்றார். விட்டேன். அந்த ஒரு ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் கூடத்து ஜன்னல் வழியாக நேராகத் தெரிகிற மாதிரி, சுவரில் உன் படத்தை மாட்டினேன். வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நீ சிரிக்கிற அதே படம். அவர் செலவில் எடுத்தது. காற்றுக்கு என்று அவர் ஜன்னல் பக்கம் வந்தால் உன் சிரிப்பு தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விளக்குப் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். நான் நேரத்தோடு விளக்குப் போட்டுவிடுவேன்.

உனக்குப் பிடித்த சேதி ஒன்று. பின்பக்கத்து அறைகளை நர்சுப் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறேன். ராத்திரி டூட்டிக்காரிகளுக்குத்தான் முதலிடம். ஆளுக்கு ஒரு சாவி. விடிந்து வருவார்கள், அவர்களே திறந்துகொண்டு உள்ளே போவார்கள். ஒத்தப் பொம்பளையைப் பொறுக்காத தெருவில் இப்போது வெள்ளை உடுப்பாகவே வருகிறது.

இனி ஒரே ஆள்தான் பாக்கி. சபாபதியை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

அவர் நல்லபடியாகவே ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்களாம். ஆனால் நேற்று ருக்குமணியக்கா ஜன்னலில் தலை சீவிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி வீட்டுல, திருவாதவூர் ரோட்டுல எடம் வாங்கி வீடு கட்டுறாக. நாளைக்குக் காலையில வாசக்கால் நடுறாகளாம். வைகாசி முடியுதுல்ல, விட்டா ஆவணிதான். பிளான்தான் இன்னும் வரலையாம். பேப்பரு பின்னால வரும்னு சொல்லிட்டாராம் சபாபதி."

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு வரலை, தனியாப் போகணும். நீயும் வாரியா?" என்றார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. "வாரேன்க்கா" என்றேன்.

சபாபதிக்கு என்னை அடையாளம் தெரியாது. ருக்குமணியக்காவுக்கு வேண்டியவள் என்றுதான் போவேன். தேங்காய் பழம், ஒரு முழம் மல்லி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரரிடமும் சொல்லிவிட்டேன். "வாங்கம்மா, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று சட்டையைக்கூட அயர்ன் பண்ணக் கொடுத்துவிட்டார்.

சபாபதி ஓரமாக நிற்பார். நான்தான் கூப்பிடுவேன். "வீட்டுக்காரவுக நீங்க தள்ளி நின்னா எப்படி சார்? வாசக்காலைப் பிடிச்சு நில்லுங்க. நம்ம செலவுல ஒரு படம்" என்பேன். அவர் நிற்பார். நல்ல நாளில் யார் மாட்டேன் என்பார்கள்? "சிரிங்க சார்" என்பேன்.

உன் தலைமேல் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அவர் சிரிக்கும் வரைக்கும் அந்தப் படத்தை எடுக்க விடமாட்டேன். ஒரு பிரதி ஆபீஸுக்குப் போகும், மனுவோடு. இன்னொன்று உனக்கு. உன் படத்துக்குக் கீழே இன்றைக்கே ஆணி அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
நீ காலி செய்த வயிற்றில் அடுத்துக் குடிவந்த உன் தங்கச்சி,
வனத்தாய்